வலிக்காத இடம்

பால் ஊற்றுவதற்காகப் பூங்காவனம் குனிந்தபோது கலையரசி கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டாள்.

முதல் ஷிப்டு முடித்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த கார்முகிலன் அதைப் பார்த்தான். ஏதோ பூச்சி ஊர்கிறது, தட்டிவிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அவன் மனைவி தட்டவில்லை. நான்கு விரல்களின் நுனிகளையும் சேர்த்து வைத்து, பால்காரம்மாவின் காதுக்குக் கீழே தொடங்கி, தாடை ஓரமாக வந்து, கழுத்தின் பக்கவாட்டில் மெல்ல உருட்டி உருட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அங்கே இல்லை. எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவும் இப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு தொடுவார்.

"இன்னா கலை, கூசுது" என்று பூங்காவனம் சிரித்தாள்.

விரல்கள் இடது தோள்பக்கம் இறங்கின. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குறுக்கே ஓடும் காறை எலும்புக்கு மேலே இருக்கிற பள்ளத்தில் நின்றன. அங்கேயே நின்றன.

"இருக்கு" என்றாள் கலையரசி.

"இன்னா இருக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டுங்க." பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார்முகிலனுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒடம்புக்கு வந்து எழுந்ததுல இருந்து இப்படித்தான் ஏதாவது..."

"அட வுடு தம்பி. பாவம் அது, எம்மாம் கஷ்டம் பட்டுச்சு." பூங்காவனம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "கைதான் ஐசு மாரி இருக்குது. நல்லா சாப்புட சொல்லு."

அவள் போன பிறகும் அவன் குழாயடியிலேயே நின்றான். தோல் பதனிடும் கம்பெனியில் ஈரத்தோலை டிரம்மிலிருந்து இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோன மாதிரி இருந்தது. உள்ளே போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அது என்னவென்று புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

கலையரசியின் விரல்களுக்கு உணர்ச்சி கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தினால் வந்தது அது. பாதி வருஷம் போகவர ஏற்றினார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. ரவிக்கை கொக்கியை அவன்தான் மாட்டிவிடுகிறான். போன வாரம் கொதிக்கிற கஞ்சிப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளம் எழும்புவதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் தொட்டபோது, "இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?" என்று கேட்டவள் அவள். பஞ்சு தெரியாத விரலுக்குப் பூங்காவனத்தின் கழுத்தில் எது தெரிந்தது?

களைப்பில் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

போன வருஷம் கலையரசியின் கழுத்தில் அது வந்தபோதும் இருவரும் அப்படித்தான் விட்டுவைத்தார்கள். அவள் அப்போது ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். இடது காறை எலும்புக்கு மேலே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் வலி இல்லை. வலி இல்லாததுதான் நல்லது என்று நினைத்தார்கள். முன்பு கடைவாய்ப்பல் சொத்தையானபோது தாடைக்கடியில் நெறி கட்டி, உயிர் போகிற வலி வலித்து, பத்து நாளில் தானாக அமுங்கியது. அதுவே போய்விட்டது, வலிக்காத இது என்ன செய்துவிடும்? பிறகு ராத்திரி வேர்க்கத் தொடங்கியது. மார்கழிக் குளிரிலும் பாய் நனைந்து, பாய்க்குக் கீழே சிமெண்டுத் தரை நனையும். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப்போயின. வேலூரில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள், போதாதென்று கட்டியையே அறுத்தெடுத்துப் பரிசோதித்தார்கள். நெறியிலேயே வருகிற புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா அன்று நிதானமாகச் சொன்னது அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. "வலிக்கிறது, மெத்துன்னு இருக்கிறது, தொட்டா நழுவுறதெல்லாம் பெரும்பாலும் சளி, பல்லு, புண்ணு இதுல வர்றது. ரெண்டு மூணு வாரத்துல போயிடும். வலிக்காம, கெட்டியா, நகராம, வளந்துக்கிட்டே போனா விடக் கூடாது. காறை எலும்புக்கு மேல வந்தா சின்னதா இருந்தாலும் காட்டியே ஆகணும். எல்லாமே கேன்சர் இல்ல. நம்ம பக்கம் டிபியும் ஜாஸ்தி. ஆனா என்னன்னு பாக்காம விடக் கூடாது."

பார்த்தார்கள். பிழைத்தாள். ஆம்பூர் பஸ் நிலையத்தில் விடியுமுன் நின்ற நிற்பும், ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்த படுக்கையும், அங்கிருந்து நேரே ஷிப்டுக்கு ஓடிய ஓட்டமும் முடிந்தன. கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று கார்முகிலன் அழக்கூட இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனான். பள்ளிகொண்டா தாண்டியது, மாதனூர் தாண்டியது எதுவும் தெரியாது. அந்தத் தூக்கம் இன்னும் தீரவில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்பரீன் மத்தியான வேளைகளில் வந்து உட்காருவாள். புருஷனுக்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரியிடம் வேலை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பேசுவாள், கலையரசி கேட்பாள். நோயாளி வீடென்று மற்றவர்கள் ஒதுங்கியபோதும் ஒதுங்காத பெண் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் ஷிப்டு முடிந்து அவன் உள்ளே நுழைந்தபோது அம்பரீன் முக்காட்டை விலக்கிக் கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கலையரசியின் விரல்கள் மேலிருந்து கீழே இறங்கின. இரு பக்கமும் பார்த்து முடித்தன.

"இல்ல" என்றாள் கலையரசி.

"அப்பாடா" என்று அம்பரீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அக்கா கிட்ட காட்டினா எனக்கு ஒரு தெம்புண்ணே."

மறுநாளும் தொட்டாள். அதற்கடுத்த நாளும். கூடத்து ஜன்னல் வழியாக அவன் பார்த்த அந்த மூன்றாம் நாள் நான்கு விரல் இல்லை, ஒரே விரல். தேடவும் இல்லை. இடது பக்கப் பள்ளத்தில் வைத்து, அழுத்தி, சற்றே திருகி, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தது. மழை பெய்து நெகிழ்ந்த மண்ணில் அவரை விதையை ஊன்றும்போது இப்படித்தான் அழுத்துவார்கள். அம்பரீன் குழந்தையைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கலையரசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவளைப்போல.

"கலை!"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். முகத்திலிருந்த தெளிவும் அதோடு போயிற்று.

அந்த வாரமே பூங்காவனம் வருவது நின்றது. அவள் மருமகள் பால் கொண்டுவந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. பாத்திரத்தைச் சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டு எட்டி நின்று சொன்னாள்.

"அத்தைய வேலூர்ல சேத்திருக்கோம்ண்ணே. வயித்துல இருக்குதாம். வயித்துல இருக்கிறது கழுத்துல வந்து காட்டும்னு சொன்னாங்க. அண்ணி தொட்டு சொன்னதாலதான் போனோம்." நன்றிதான் சொன்னாள். ஆனால் பேசும்போதே சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவளும் வரவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு வேலூர் போனபோது, கலையரசியை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு அவன் மட்டும் டாக்டரம்மாவிடம் பின்தங்கினான்.

"டாக்டர், இது தொட்டா ஒட்டுமா?"

"இத்தனை மாசம் கூடவே இருந்துட்டு இப்ப கேக்கறீங்க. ஒட்டாது."

"அவ எல்லார் கழுத்தையும் தொட்டுப் பாக்கிறா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. "நிறைய பேர் அப்படிச் செய்வாங்க. தன்னோட கழுத்தையே நாள் பூரா தடவிக்கிட்டு இருப்பாங்க. பயம்தான். திட்டாதீங்க. கொஞ்ச நாள்ல போயிடும்."

அந்தப் பதிலை அவன் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தான். பயம்தான். கொஞ்ச நாளில் போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலையரசியைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. தலை மட்டும் அடிக்கடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. தூங்கி வழிகிறாள் என்று நினைத்தான். கண்கள் திறந்திருந்தன. பரிசோதிக்கும்போது டாக்டரம்மா இரண்டு விரலால் தாடையைத் தள்ளி, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ப்பார். அதே சாய்வு.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐப்பசி மழை பிடித்ததும் மகள் சௌமியாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. எச்சில் விழுங்க முடியவில்லை என்றாள், சாயங்காலம் உடம்பு சுட்டது. கார்முகிலன் அவள் தாடைக்குக் கீழே தொட்டான். இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. இலேசாக அழுத்தினான்.

"ஆ! வலிக்குதுப்பா!"

அந்தக் கத்தலைக் கேட்டு அவனுக்கு உயிர் வந்தது. மறுபடி தொட்டான். மெத்தென்றிருந்தது, விரலுக்கடியில் நழுவிப்போனது. ஆம்பூர் டாக்டரும் அதையேதான் சொன்னார்: தொண்டைப் புண், மருந்து சாப்பிட்டால் நெறி தானாக இறங்கிவிடும், ரெண்டு மூணு வாரத்தில் போகாவிட்டால் அழைத்து வாருங்கள். கலையரசி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் மகள் பக்கத்தில் வரவில்லை. கஷாயத்தைக் கொடுக்கச் சொல்லி அவனிடமே நீட்டினாள். பிள்ளை அம்மா அம்மா என்று முனகியபோது சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அம்பரீன் சுற்றுச்சுவர் பக்கம் நின்று அவனைக் கூப்பிட்டாள். வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் பாலாற்றுப் பக்கமிருந்து எழும்பும் தோல் கழிவு வாடை தெரு முழுக்க நின்றது.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு தடவ கேளுங்கண்ணே. அன்னைக்கு இல்லன்னுதானே சொன்னாங்க?" முக்காட்டை விலக்கினாள். இடது காறை எலும்புக்கு மேலே, பள்ளத்தில், பட்டாணி அளவுக்குத் தோல் உப்பியிருந்தது. "வலிக்கவே இல்லண்ணே. ஊட்டுக்காரர் அதான் ஒண்ணும் இல்லன்றாரு."

"வேலூர் போங்க. நாளைக்கே போங்க."

"கேன்சரா இருக்குமாண்ணே?"

"அது வேற எதுவா வேணா இருக்கும். டிபியாகூட இருக்கலாம். போயி காட்டும்மா." அந்த இடத்தை அவனுக்குத் தெரியும். விரல் ஊன்றிய அதே இடம்.

உள்ளே போனபோது சௌமியா கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு நெற்றியில் வேர்த்திருந்தது. கலையரசி எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைச் சாத்தித் தாழிட்டான். எதற்கென்று தெரியவில்லை.

"அம்பரீனுக்கு வந்திருக்கு."

"தெரியும்."

"நீ இன்னா பண்ண கலை?"

ஓட்டின் மேல் முதல் மழைத்துளிகள் விழுந்தன.

"வார்டுல மருந்து ஏறிட்டிருக்கச்சே தலைமாட்டுல வந்து நிக்கும்ங்க. கழுத்தத் தடவிப் பாக்கும். டாக்டருன்னுதான் நெனச்சேன். திரும்பிப் பாத்தா ஆள் இருக்காது. கை மட்டும் கழுத்துல இருக்கும். மருந்து செய்ற வேலைன்னு யார்கிட்டயும் சொல்லல." மெதுவாக, அலுப்போடு சொன்னாள். ஒரு நாளின் வேலையைச் சொல்வதுபோல. "வீட்டுக்கும் கூடவே வந்துடுச்சு. விடியறதுலேர்ந்து தடவிக்கிட்டே இருக்குது. சாப்புடறப்போ, குளிக்கிறப்போ. ஒரு நிமிசம் விடறதில்ல. நான் யாரையாவது தொட்டா மட்டும் என்ன விட்டுட்டு அவங்ககிட்ட போவுது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஓய்வு."

"அது தேடுதா? இல்ல..."

"முதல்ல தேடும். இல்லன்னா..." அவள் முடிக்கவில்லை.

"சௌமியாவ தொட்டியா?"

"இல்ல." அவள் தலை நிமிர்ந்தது. அந்த ஒரு கணம் அவள் பழைய கலையரசியாக இருந்தாள். "பெத்த பொண்ண தொடுவேனா? தினம் அவ பக்கமா என் கைய இழுக்குதுங்க. அதுக்குத்தான் அம்பரீன தொட்டேன்."

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. அறைக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் அம்பரீன் குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மழை வலுத்து அந்தப் பாட்டை மூடியது.

"முடியலங்க" என்றாள் கலையரசி. "என் கைய கட்டிடுங்க."

கொடியில் கிடந்த துண்டை எடுத்தான். அவள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து நீட்டினாள். அவன் கட்டினான். அவள் விரல்கள் அவன் கைமேல் பட்டன. பூங்காவனம் சொன்னது சரி. குளிர்ந்திருந்தன. முடிச்சை இறுக்கியபோது, "வலிக்குதா?" என்று கேட்கப் போய், கேட்காமல் நிறுத்திக்கொண்டான்.

பிறகு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவனுக்கும் சுவரில் சாய வேண்டும்போல இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவன் எதையும் துணிந்து செய்ததில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போனான், நிற்கச் சொன்ன வரிசையில் நின்றான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். அடுத்ததையும் கழற்றினான்.

"என்கிட்ட வரச் சொல்லு."

"வேணாங்க."

"கொழந்தைய விட்டுட்டு என்கிட்ட வரச் சொல்லு கலை. என்கிட்டயே இருக்கட்டும். நீ கொஞ்சம் தூங்கு."

அவள் கண் நிறைந்தது. "சொன்னா கேக்கறதா அது?"

அப்போது கரண்டு போயிற்று.

தெருவே இருண்டது. மழையின் இரைச்சல் மட்டும் இருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து வாசல் வாளிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம். சௌமியாவின் மூச்சு, சளி அடைத்த கரகரப்போடு. எதிரே கலையரசியின் மூச்சு. அவன் உடம்பிலிருந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத ஈரத்தோல் வாடை. இவையெல்லாம் அவனுக்குத் தெரிந்தவை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டான்.

வாளியில் கொட்டிய தண்ணீர்ச் சத்தம் சட்டென்று அடங்கியது. இடையில் யாரோ வந்து நின்றதுபோல.

ஸ்பிரிட் வாடை.

ஆஸ்பத்திரியில் கையைத் துடைத்துக்கொள்வார்களே, அந்த வாடை. தோல் வாடையை வெட்டிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து.

அவன் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. பின்னால் யாரும் நிற்க இடமில்லை.

காதுக்குக் கீழே பட்டது.

நான்கு விரல். குளிர்ச்சி. அழுத்தவில்லை. தோலை மட்டும் நகர்த்தியது.

"கலை."

"நான் இங்க இருக்கேங்க." குரல் எதிரிலிருந்துதான் வந்தது. அதே அலுப்பு. "அசையாதீங்க. பாத்துட்டுப் போயிடும்."

தாடை ஓரம். கொஞ்சம் கொஞ்சமாக. அவசரமே இல்லை. தாடையை இரண்டு விரல் தள்ளியது. தலை தானாகச் சாய்ந்தது. கத்த நினைத்தான். குழந்தை விழித்துக்கொள்வாள் என்று வாயை இறுக்கிக்கொண்டான். கழுத்தின் பக்கவாட்டில் இறங்கியது. உருட்டியது. நின்றது. மறுபடி இறங்கியது. என்னை எடுத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னான். சொல்லும்போதே, உடம்பெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது.

வலது பள்ளம்.

இடது பள்ளம்.

ஒரு விரல் அங்கே ஊன்றியது. அவன் மூச்சை நிறுத்தினான்.

விரலை எடுத்துக்கொண்டது.

கழுத்தில் ஒன்றும் இல்லை. வாடையும் விலகியது. போய்விட்டது. தன்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பாய்ந்தது. அப்படியே சாய்ந்து தூங்கிவிடலாம்போல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான். தப்பித்தேன் என்று நினைத்தான்.

கரண்டு வந்தது.

குழல்விளக்கு விட்டுவிட்டு மின்னி, பிறகு நின்று எரிந்தது. எதிரே கலையரசி. கட்டிய கைகள் கட்டியபடி மடியில். முடிச்சு அவிழவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவள் பார்த்த பக்கம் அவனும் திரும்பினான்.

சௌமியா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவள் காதுக்குக் கீழே தோல் குழிந்திருந்தது. சின்னச் சின்னக் குழிகள், நான்கு, வரிசையாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்தன. தாடை ஓரமாக வந்தன. நெறி கட்டிய இடத்தில் அழுந்தியபோது பிள்ளை தூக்கத்தில் முகம் சுளித்து, "வலிக்குது" என்றாள்.

குழிகள் அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டின. கழுத்தின் பக்கவாட்டில் மெல்ல உருண்டு இறங்கின. அவன் தவழ்ந்து போய் அவளை அள்ளி மார்போடு அணைத்தான். தன் கையால் அவள் கழுத்தைப் பொத்தினான். அவன் உள்ளங்கைக்கு அடியில் அது போய்க்கொண்டே இருந்தது. இடது காறை எலும்புக்கு மேலே, பள்ளத்தில், நான்கு குழியும் ஒரே குழியாயிற்று.

அழுத்தியது. சற்றே திருகியது.

சௌமியாவின் முகச்சுளிப்பு மறைந்தது. வலி இல்லாத முகத்தோடு, அப்பாவின் மடியில், அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.